கல்லுக்கட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

மரம் நட்டார்கள், ஆறு திரும்பி வந்தது. அட்டப்பாடியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். அங்கே ஓடுகிற கொடுங்கரைப்பள்ளம் என்ற ஆற்றை நம்பி வெள்ளாமை செய்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் விட்டுப்போனதுதான் அதிகம். மரம் நட்டதற்கும் தண்ணீர் வந்ததற்கும் நடுவே என்னென்ன நடந்தது என்று தெரியாமல் போனால், வந்த தண்ணீரை நம்மால் வைத்துக்கொள்ள முடியாது. இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக அது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து தடாகம், மாங்கரை தாண்டி மலை ஏறினால் ஆனைகட்டி. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் தொடங்குகிறது. எல்லையிலிருந்து மேற்கே முக்காலி வரைக்கும் அட்டப்பாடி. 745 சதுர கிலோமீட்டர் பரப்பு. அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். சைலன்ட் வேலியை ஒட்டிய முக்காலிப் பக்கம் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அங்கே பஸ் ஏறிக் கிழக்கே வந்து கோட்டத்துறையிலோ வட்டலக்கியிலோ இறங்கினால் கண்ணுக்குத் தெரிவது வேறு நாடு. இங்கே 1000 மில்லிமீட்டர் பெய்தால் அது நல்ல வருஷம். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குக் கணக்கு. பேச்சு, சொந்தபந்தம், சந்தை எல்லாம் கோவைப் பக்கம். ரேஷன் கார்டும் ஓட்டும் கேரளம்.

இருளர், முடுகர், குறும்பர் மூவரும் இந்த மண்ணின் ஆதிக்குடிகள். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் பின்னால் வந்தவர்கள். 1951 கணக்கெடுப்பில் இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-ல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. காடு போன கதையும் இந்தக் கணக்குக்குள்ளேயேதான் இருக்கிறது.

அட்டப்பாடி மலைகள் பல காலம் மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் குடும்பத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, இருந்தவை. தனியார் காடுகளை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் கேரளத்தில் 1971-ல் வந்தது. அரசு கைக்கு வருவதற்குள்ளேயே மரம் போய்விட்ட சரிவுகள் பல. அப்புறம் குடியேற்றம், விறகு, கரி, தீ, மேய்ச்சல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இருளர்கள் பஞ்சக்காடு முறையில் ஒரு சரிவில் ராகி, சாமை, துவரை விதைத்து எடுத்துவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். பழைய சரிவு பல வருஷம் சும்மா கிடக்கும். சும்மா கிடந்த காலத்தில் அது மறுபடி காடாகும். அவர்கள் கையிலிருந்த நிலம் சுருங்கச் சுருங்க, சும்மா விடுகிற வருஷங்களும் சுருங்கின. இதற்கு இருளர்களைக் குறை சொல்கிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நிலத்தை வாங்கியும் வளைத்தும் அவர்களை நெருக்கியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் அந்தக் குறையைச் சொல்வது நியாயமில்லை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கொடுங்கரைப்பள்ளம் என்றால் உருண்டைக் கல்லும் மணலும்தான். மலையில் மழை பெய்தால் சீக்கிரமே செக்கச்செவேல் என்று வெள்ளம் வரும். வேலி, கரை, ஓரத்து வாழை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குட்டைகளில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். மாசி பிறந்ததும் அதுவும் இருக்காது. பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றெடுக்க வைத்து, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். மழை குறைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சிவப்பு வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் மழை வராமல் இல்லை என்று தெரிந்திருக்கும். வந்த மழையைப் பிடித்து வைத்துக்கொள்ள மேலே மண் இல்லை.

1996-ல் ஜப்பானியக் கடனுதவியோடு, 219 கோடி ரூபாய் மதிப்பில், தரிசான மலைகளை மீட்பதற்கென்று ஒரு திட்டம் கையெழுத்தானது. அதை நடத்த ஏற்பட்டதுதான் அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம். எங்கள் எல்லோர் வாயிலும் 'அஹாட்ஸ்'. மலையில் வேலை சூடுபிடித்தது 2000-க்குப் பிறகு. ஊர்க் கமிட்டிகள் மூலமாக உள்ளூர் ஆட்களையே வேலைக்கு வைத்தார்கள். என் அம்மா அதில் கல் சுமந்தவர். கூலி கையில் வந்ததும் வீட்டில் நிலைமை மாறியதும் தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, அம்மா அங்கே கற்றுக்கொண்டுவந்த வேலை.

நர்சரி, நடவு, குழி இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். கல்லுக்கட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மலைச்சரிவில் மழைத்தண்ணீர் முதலில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு போடும். அடுத்த மழையில் அது கை அகலம். சில வருஷத்தில் ஆள் இறங்குகிற அளவுக்கு வெட்டிக்கொண்டு போய்விடும். அந்த வெட்டுவாரியில் மேலே இருந்து கீழே வரைக்கும் வரிசையாகக் கல்லை அடுக்கித் தடுப்பு வைக்க வேண்டும். கீழே இருந்து தொடங்கினால் வீண். மேலே வேகம் குறையாமல் வருகிற தண்ணீர் கீழே இருக்கிற தடுப்பைப் பிடுங்கிவிடும். அடியில் ஒரு முழம் தோண்டி, இருப்பதிலேயே பெரிய கற்களைப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு ஓரமும் கரைக்குள் நன்றாகப் போய்ச் சொருக வேண்டும். கல்லின் நீளம் தண்ணீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் உருண்டுவிடும். மேல்வரிசை நடுவில் தாழ்ந்தும் ஓரங்களில் உயர்ந்தும் இருந்தால்தான் வெள்ளம் நடுவில் ஏறிப் போகும். அது விழுகிற இடத்தில் பள்ளம் பறிக்காமல் இருக்கக் கீழேயும் தட்டைக் கல் பரப்ப வேண்டும். சிமெண்டு கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் தண்ணீர் கசிந்துதான் போக வேண்டும்.

"தண்ணி வேகத்தத்தான் கொறைக்கோணும். நிறுத்திப்போடலாம்னு நெனச்சா அது கட்டையே தூக்கிட்டுப் போயிரும்" என்பார் அம்மா. இன்றைக்கும் ரோட்டோரம் எங்காவது புதுத் தடுப்பணையைப் பார்த்தால் அவர் கண் முதலில் போவது இரண்டு ஓரங்களுக்கும்தான்.

அப்படி ஒரு கட்டு வைத்தால் முதல் மழையிலேயே அதன் முதுகில் வண்டல் படியும். இரண்டாவது வருஷம் அந்த வண்டலில் புல் பிடிக்கும். அப்புறம் இலந்தை முளைக்கும், புங்கன் முளைக்கும். யாரும் விதைக்க வேண்டியதில்லை. சரிவில் சமமட்டக் கோட்டைக் கண்டுபிடித்து அதன் வழியாகக் கல்வரப்பும் குழியும் போட்டார்கள். மட்டம் பார்ப்பதற்கு மூன்று குச்சியை 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, நடுவில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மலையையே அளந்தார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். இந்த மலையில் நடந்த பெரிய பொறியியல் அதுதான்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். வட்டலக்கிக்கு மேலே இருக்கிற கரட்டில் நட்ட கன்றுகளில் நிறையச் செத்துப்போயின. பாறை மேல் அரை அடி மண், தெற்கு வெயில், சித்திரைக் காற்று, எது பிழைக்கும்? ஆனால் இன்றைக்கு அதே கரடு பச்சையாக இருக்கிறது. போய் மரத்தின் அடியைப் பார்த்தால் தெரியும். ஒரே வேர்க்கட்டையிலிருந்து மூன்று, நான்கு தண்டு கிளம்பியிருக்கும். உசிலை, வேங்கை, வெள்வேல் எல்லாம் அப்படித்தான். எப்போதோ வெட்டப்பட்டு, வருஷாவருஷம் தீயில் கருகி, ஆடு கடித்து, முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்ப முடியாமல் கிடந்த கட்டைகள் அவை. மண்ணுக்குள் உயிர் இருந்தது. மேலே வர யாரும் விடவில்லை. சரிவைச் சில வருஷம் தீயிலிருந்தும் அரிவாளிலிருந்தும் ஆட்டு வாயிலிருந்தும் காப்பாற்றியதும் எழுந்துவிட்டன. நட்டதும் வீண் போகவில்லை; ஓடை ஓரங்களில், வண்டல் படிந்த இடங்களில் நட்ட நீர்மருதும் மூங்கிலும் நன்றாகவே வந்தன. ஆனால் மலையின் நிறத்தை மாற்றியதில் பெரும் பங்கு காவலுக்கு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் கேட்கிறவர்கள் "எத்தனை கன்று நட்டீர்கள்?" என்றுதான் அடுத்த கேள்வி கேட்கிறார்கள். எத்தனை பேர் காவல் காத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாப் பழியும் ஆட்டின் மேல்தான் விழுகிறது. அட்டப்பாடிக் கருப்பாடு என்று தனி இனமே உண்டு. உடம்பு முழுக்கக் கருப்பு, இந்த வறண்ட கரட்டில் தானாக மேய்ந்து தேறுகிற ஆடு. இருளர் வீட்டுக்கு அதுதான் பேங்க் டெபாசிட். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், கல்யாணம் வந்தால், ஸ்கூல் திறந்தால் ஓர் ஆட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள். மலையை மூடுகிறோம் என்று ஒருவர் பேப்பரில் கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கு உள்ளே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்கும் அதன் சொந்தக்காரருக்கும் வழி சொல்லியாக வேண்டும். நல்லபடியாக நடந்த இடங்களில் அந்த வழியை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். இந்தச் சரிவு மூன்று வருஷம் மூடல், அந்தச் சரிவு திறப்பு, மூடிய இடத்தில் புல்லை அறுத்துக்கொண்டு போகலாம், ஆட்டை மட்டும் ஏற்றக்கூடாது. பேசாமல் மூடிய இடங்களில் இரவில் வேலி அவிழ்ந்தது. அதை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. பசிக்கிற வீட்டில் வேறு என்ன செய்வார்கள்?

தீ இன்னொரு விஷயம். தை கழிந்தால் புல் காய்ந்து நிற்கும். மாசி, பங்குனியில் ஒரு பீடித்துண்டு போதும். அதற்கு முன்னால் சரிவின் ஓரம் முழுக்க ஆறேழு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி, வெறும் மண்ணாக்கி வைக்க வேண்டும். இதுதான் தீக்கோடு. தீ அங்கே வந்து நிற்கும். நிற்காவிட்டால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு போய் அடித்து அணைக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் ஒரு வருஷம் செய்யாமல் விட்டால் பத்து வருஷத்து வளர்ச்சியை ஒரே மதியத்தில் இழக்கலாம். புல் எரிந்த சரிவில் அடுத்த மழை நேராக மண்ணின் மேல் விழும். மறுபடியும் விரல் அகலக் கோடு.

சரி, தண்ணீர் வந்ததா? வந்தது. கொடுங்கரைப்பள்ளத்தில் மாசிக்குப் பிறகும் ஓட்டம் இருந்ததை எங்கள் ஊரே பார்த்தது. எங்கள் கிணற்றில் பாறை தெரிவது நின்றது. வெள்ளத்தின் நிறம் வெளுத்தது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் அடையாளம். ஆற்றில் தண்ணீர் கூடுவதற்குச் சில வருஷம் முன்பே வெள்ளத்தின் சிவப்பு குறைந்துவிட்டது. ஆனால் இதை அதிசயம் போலச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. 2016-ல் இரண்டு மழையும் பொய்த்தபோது கிணறு மறுபடி வற்றத்தான் செய்தது. மண்ணைப் பிடித்து வைத்தால் பெய்த மழையை மெதுவாகக் கொடுக்கும், அவ்வளவுதான். பெய்யாத மழையை எந்தக் கல்லுக்கட்டும் கொடுக்காது. 2018, 2019 ஆகஸ்ட் வெள்ளங்களில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழையைத் தாங்க, கட்டுகள் முழுசாக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த கட்டு, இல்லாத கட்டைவிட மோசம். அது தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிக் கரையை அறுத்துவிடும்.

திட்டம் 2010-ஐ ஒட்டி முடிந்துபோனது. கடனுக்குக் கெடு இருந்தது, திட்டத்துக்கும் கெடு இருந்தது. மலைக்குக் கெடு கிடையாது. தீக்கோடு போட்டவர்கள், காவல் இருந்தவர்கள், மட்டக்குச்சி பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை இல்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். பாதிப் பேர் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். போனவர்களோடு அந்தக் கைப்பழக்கமும் போனது. சில இடங்களில் வன சம்ரட்சண சமிதிகள் என்கிற காட்டுக்காவல் குழுக்கள் இன்னமும் காவலைத் தொடர்கின்றன. அவர்களுக்கு என் வணக்கம். பல இடங்களில் கட்டுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், பக்கத்து இருளர் ஊரின் தலைவரான மூப்பரோடு மேல் ஓடைக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். அந்த ஓடையின் கட்டுகளில் முக்கால்வாசி அவர் கைப்படக் கட்டியவை. மேலிருந்து மூன்றாவது கட்டு முழுசாகத்தான் நின்றது. ஆனால் இடது ஓரத்தில் தண்ணீர் கரையைத் துளைத்துக்கொண்டு சுற்றிப் போயிருந்தது. கட்டின் முதுகில் இருபது வருஷமாகப் படிந்த வண்டல், இடுப்பளவு, அந்த ஓட்டை வழியாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. வண்டலில் வேர் விட்டிருந்த புங்கன் ஒன்று பாதி வேர் வெளியே தெரிய, சாய்ந்து நின்றது.

மூப்பர் இறங்கி ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள் வரைக்கும் போனது.

"மூப்பரே, நாம ரெண்டு பேரும் இன்னைக்கே அடச்சுரலாமா?" என்று கேட்டேன்.

"போன வருசம் வந்திருந்தா நாலு கல்லு வேல கண்ணு. இப்ப நாப்பது கல்லு. இன்னொரு மழ போச்சுன்னா ஜேசிபி வேணும்பாங்க. ஜேசிபி வந்தா கரையும் போயிரும்."

நாலு கல்லை அப்போதே வைத்தோம். கடப்பாரையால் கரையைக் குடைந்து ஒரு பெரிய கல்லைச் சொருகி, அதன்மேல் மூன்று. மிச்சத்துக்கு ஆட்கள் வேண்டும். திரும்பி வரும்போது வழியில் இருக்கிற உண்ணிச்செடிப் புதர்களைக் காட்டினார். மரம் எழும்பாத வெளிகளில் அது மண்டிக்கிடக்கிறது. அரிவாளால் வெட்டினால் இரண்டு மடங்காகத் தழையும். மண்ணுக்குள் வேரின் கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் மறுபடி துளிர்க்காது. அதுவும் ஒரு முறை செய்தால் போதாது. பறவை விதை போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வந்து முளைத்ததைப் பிடுங்க வேண்டும். இந்த மலையில் எல்லா வேலையும் அப்படித்தான். திரும்பி வந்து பார்க்க ஆள் இருந்தால் சின்ன வேலை.

இதைச் சொல்லிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். தொழிலுறப்பு என்று இங்கே சொல்கிற நூறு நாள் வேலையில் இந்தக் கட்டுகளைச் செப்பனிட முடியுமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். புதிதாகக் கட்டுவதென்றால் எஸ்டிமேட் போடலாம், போட்டோ எடுத்து ஏற்றலாம், பழைய கட்டில் நாலு கல் வைப்பதற்கு எஸ்டிமேட் போடுவது கஷ்டம் என்றார்கள். இது யாரோ ஒரு அதிகாரியின் தப்பு என்று நான் நினைக்கவில்லை. நம் நாட்டில் பணம் ஒதுக்குகிற முறையே புதிதாகக் கட்டுவதற்கும் நடுவதற்கும் என்று அமைந்துவிட்டது. நடுவிழாவுக்கு மந்திரி வருவார். தீக்கோடு செதுக்குகிற இடத்துக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள், "அது உங்க கேரளாப் பிரச்சினை" என்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலியில் கிழக்கே திரும்பி, அட்டப்பாடி முழுக்க ஓடி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கொடுங்கரைப்பள்ளமும் சிறுவாணியும் அதில்தான் சேர்கின்றன. நுழைந்ததும் பில்லூர் அணை. அப்புறம் மேட்டுப்பாளையம், பவானிசாகர், கீழ்பவானிப் பாசனம். கோவையின் குடிதண்ணீர் பில்லூரிலிருந்தும் சிறுவாணி அணையிலிருந்தும் வருகிறது. சிறுவாணி அணை இருப்பதே பாலக்காடு மாவட்டத்தில்தான். பில்லூரில் சேறு நிரம்பிக்கொண்டே போகிறது, தூர் வார வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. அந்தச் சேற்றில் நீலகிரிச் சரிவுகளின் மண்ணும் உண்டு, எங்கள் மண்ணும் உண்டு. அந்த மேல் ஓடையில் மூப்பர் கை விட்ட ஓட்டை வழியாகப் போனதும் அங்கேதான் போகும்.

தண்ணீருக்காக இரண்டு மாநிலமும் எத்தனை வருஷம் கோர்ட்டில் நின்றன என்று எல்லோருக்கும் தெரியும். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டிஎம்சி ஒதுக்கியது. அதில் பவானிப் படுகையின் பங்கு 6 டிஎம்சி. டிஎம்சியைப் பங்கு போட்டாயிற்று. அந்தத் தண்ணீரைப் பிடித்து மெதுவாக விடுகிற மண்ணைக் காப்பது யார் பொறுப்பு என்று இரு பக்கத்திலும் யாரும் சண்டை போடக் காணோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் நடந்ததையும் நாங்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்தோம். இதே மலைத்தொடர், இதே செம்மண். அங்கே செங்கல்லுக்காக அந்த மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வருஷக்கணக்கில் போராடியதற்குப் பிறகு 2021-ல் 180-க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. குழிகள் அப்படியே இருக்கின்றன. நாங்கள் ஒரு முழ மண் சேர்வதற்கு இருபது வருஷம் காத்திருந்ததை நினைத்துக்கொண்டு அந்தக் குழிகளைப் பார்த்தால் வயிறு எரியும். போராடியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்கள் காப்பாற்றியது தடாகத்தை மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

என்ன செய்யலாம் என்பதில் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இருளர் ஊர்களில் மூப்பன், குருதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என்று நான்கு பொறுப்புகள் உண்டு. நிலம் சார்ந்த காரியங்கள் மண்ணுக்காரர் பொறுப்பு. விதைப்பை அவர்தான் தொடங்கிவைப்பார். அவர் கை பட்ட பிறகுதான் மற்றவர்கள் விதைப்பார்கள். இன்றைக்கு அந்தப் பொறுப்பு பல ஊர்களில் சடங்களவில்தான் நிற்கிறது. இந்த மண்ணுக்காரரையே ஓடைகளுக்கும் பொறுப்பாளராக்கி, அவருக்கும் அவர் தேர்ந்தெடுக்கிற மூன்று நான்கு பேருக்கும் வருஷம் முழுக்க ஒரு மாதச் சம்பளம் ஏன் கொடுக்கக்கூடாது? மழைக்கு முன் கட்டுகளைச் சுற்றிப் பார்த்துக் கல் வைப்பது, மழைக்குப் பின் ஓரங்களைச் சரிசெய்வது, தையில் தீக்கோடு, பங்குனி முடியும்வரை காவல், நடுவில் உண்ணிச்செடி பிடுங்குவது. ஒரு வருஷத்துக்கு வேலை சரியாக இருக்கும். வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை; தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இளைஞர்கள் கூட நடக்க வேண்டும்.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், தாங்கள் வழிவழியாகக் காத்துவந்த சமுதாயக் காட்டைப் பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் பராமரிக்கவும் கிராம சமுதாயத்துக்கு உரிமை கொடுக்கிறது. உரிமை என்று எழுதிவிட்டுக் கூலி இல்லாமல் விட்டால், காவலுக்குப் போகிறவர் அன்றைய ராகிக் களிக்கு எங்கே போவார்? பணம் எங்கிருந்து என்று கேட்டால், தண்ணீர் குடிக்கிற ஊர்களிலிருந்து ஒரு பங்கு வரலாம் என்பேன். பில்லூரில் சேறு வாருவதற்குச் செலவு செய்யத் தயாராக இருக்கிறவர்கள், அந்தச் சேறு கிளம்புகிற இடத்தில் நாலு கல் வைக்கக் கொடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டு மாநிலம் என்பதால் சிக்கல் என்பார்கள். சிறுவாணி அணையையே இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுத்தானே கட்டின? தமிழ்நாட்டுப் பணம், கேரளத்து மலை. மனசு இருந்தால் ஒரு ஓடைக்கும் ஒப்பந்தம் போடலாம்.

அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. மேல் ஓடை மூன்றாவது கட்டை அடைக்க ஊர்ப் பெண்கள் சிலரும் அம்மாவும் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ராகி அறுப்பு முடிந்ததும், தை கடைசியில், தீக்கோடு செதுக்குகிற வேலையோடு சேர்த்தே இதையும் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஓடையில் மொத்தம் ஏழு கட்டுக்கு ஓரம் போயிருக்கிறது. கல் அங்கேயே கிடக்கிறது, கடப்பாரையும் மண்வெட்டியும் ஊரில் இருக்கிறது, ஆள்தான் குறைவு. கோவைப் பக்கம் இருக்கிற இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் வாருங்கள். காலை முதல் பஸ்ஸில் ஆனைகட்டி வந்துவிட்டால், வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். மூப்பர் எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.